சாவி கைமாறினாலும் பொறுப்பு மாறாது

அடுக்குமாடி வீட்டின் சாவியைக் கொடுத்ததோடு கட்டுநரின் கடமை முடிந்துவிடுவதில்லை. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்து, அதைச் சுட்டிக்காட்டினால், 30 நாளுக்குள் அவர் கூடுதல் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். தவறினால் இழப்பீடு கேட்கலாம்.

இதனால் விலை ஏறும் என்பார்கள். மட்டமான வேலைக்கான செலவு மறைந்துவிடுவதில்லையே! முன்பு அதை வாங்கியவரே சுமந்தார். சிமென்டையும் கம்பியையும் தேர்ந்தெடுப்பவர்தான் அவற்றின் தரத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும். வீட்டுக்காரர்களின் அலட்சியத்தால் வரும் சேதத்தையும் கட்டுநர் தலையில் கட்டலாமா? கூடாது. அதனால்தான் சான்று முக்கியம். ஒப்படைப்புக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். விரிசலோ கசிவோ கண்டால் படம் எடுத்து, தேதியிட்டு, எழுத்திலேயே தெரிவியுங்கள். வாய்ச்சொல்லுக்குச் சட்டத்தில் வலு குறைவு.