நான்கு கன்றுகள்

கோலசிலாங்கூர் பக்கம் காரில் போனால் இரண்டு பக்கமும் செம்பனைதான். இந்த மரம் நம் மண்ணுக்குச் சொந்தமில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. எப்படி வந்தது?

ஜாவா தீவில் போகோர் என்ற ஊர். அங்கே ஒரு பழைய தாவரவியல் பூங்கா. 1848-இல் அந்தப் பூங்காவுக்குச் செம்பனைக் கன்றுகள் வந்தன. எத்தனை தெரியுமா? நான்கு. நான்கே நான்கு.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு கறிவேப்பிலைக் கன்று கொடுப்பார். சில வருடத்தில் தெருவெல்லாம் அதன் பிள்ளைகள் நிற்கும். அப்படித்தான் இதுவும். அந்த நான்கின் வாரிசுகள் சுமத்ராவுக்குப் போயின. அழகு மரமாகச் சாலையோரம் நின்றன. அங்கிருந்து விதை கொண்டுவந்தவர் பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கொன்னியே. 1917-இல், பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் தோட்டத்தில் நட்டார். மலேசியாவின் முதல் செம்பனைத் தோட்டம் அதுதான். நம் வட்டாரத்தில்!

கரீபியன் தீவான செயின்ட் வின்சென்ட்டில் 1765-லேயே போகோரைப் போன்ற ஒரு தாவரவியல் பூங்கா அமைத்தார்கள். அங்கே பசிபிக் தீவிலிருந்து ஈரப்பலா வந்து இறங்கியது. கடல் தாண்டி வந்த செடிகளுக்கு இந்தப் பூங்காக்கள்தான் நாற்றங்கால்.

வெயிலில் குலை வெட்டி, உதிரிப் பழம் பொறுக்கி, பிள்ளைகளைப் படிக்கவைத்த அம்மா அப்பாக்கள் இங்கே எத்தனையோ பேர். அவர்களிடம் இந்த நான்கு கன்றுகளின் கதையைச் சொல்லுங்கள். ஜகார்த்தா போகிறவர்கள் ரயிலேறிப் போகோர் பூங்காவையும் பார்த்துவிட்டு வாருங்கள்.