எளிய காரும் பந்தயத் தடமும்

இங்கிலாந்தின் மோட்டார்ப் பந்தயத் தடங்களில் ஆண்டின் பெரும்பாலான நாள்களில் பந்தயம் நடைபெறுவதில்லை. பெரும் பந்தயங்களைக் காண மக்கள் திரள் திரளாகக் கூடும் அதே தடத்துக்கு, ஒரு வேலைநாட் காலையில் சென்று பார்ப்பவர் வேறொரு காட்சியைக் காண்பர். விலையுயர்ந்த கார்கள் சில அங்கே நிற்கும். அவற்றினிடையே, பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடித் தேய்ந்த சிறு கார்கள் பலவும் வரிசையாக நிற்கும். அவற்றுள் ஒன்றன் பின்னிருக்கையைக் கூர்ந்து நோக்கினால், குழந்தையின் ஆசனம் அன்று காலையிலேதான் கழற்றப்பட்டது என்பதற்கு அடையாளமாக பிஸ்கற்றுத் துகள்கள் சிதறிக் கிடக்கும். அக்காரின் உரிமையாளர் ஓர் எழுதுவினைஞராகவோ, தச்சராகவோ, பாடசாலை ஆசிரியராகவோ இருப்பார். பந்தயத்தில் வெல்ல வந்தவரல்லர் அவர். தம்முடைய காரை, சட்டத்தை மீறாமலும், எதிரே வண்டி வரும் என்ற அச்சமின்றியும், அதன் முழு ஆற்றலுக்கும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆவலினால், கட்டணம் செலுத்தி வந்தவர். இத்தகைய நாளை ஆங்கிலேயர் ‘ட்ராக் டே’ என்பர். தமிழில் தடநாள் என்று சொல்லலாம்.

இந்த ஆவல் நேற்று இன்று தோன்றியதன்று. 1903ஆம் ஆண்டின் மோட்டார்ச் சட்டம் பிரித்தானிய வீதிகளில் மணிக்கு 20 மைலுக்கு மேற்பட்ட வேகத்தைத் தடைசெய்தது. அத்தடை 1930 வரை நீடித்தது. ஆகவே வேகத்தை விரும்பியோர் வீதியை விட்டு விலகி வேறிடம் தேட வேண்டியதாயிற்று. 1907இல் சறே மாவட்டத்தில் புறூக்லண்ட்ஸ் தடம் கட்டப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டாம் உலகப் போர் அத்தடத்தின் ஆயுளை முடித்துவைத்தது. ஆனால் அதே போர் வேறு பல தடங்களுக்குப் பிறப்பளித்தது. போர் விமானங்களுக்கென அமைத்த ஓடுபாதைகளும், அவற்றைச் சுற்றிச் செல்லும் எல்லைப் பாதைகளும் போர் ஓய்ந்தபின் வெறுமையாய்க் கிடந்தன. 1948இல் சில்வர்ஸ்ரோனும் குட்வுட்டும், 1950இல் காசில் கூமும் அவ்வாறே பந்தயத் தடங்களாயின. இலங்கையிலும் களுத்துறைக்கு அண்மையிலுள்ள கட்டுக்குருந்த விமானத்தளத்தில் மோட்டார்ப் பந்தயங்கள் நடந்ததுண்டு. குண்டுவீச்சு விமானங்களுக்காக ஊற்றிய கொங்கிறீற்று இவ்வாறு பயன்பட்டதையிட்டு எவரும் வருந்தமாட்டார்.

குறைந்த செலவில் வேகத்தைப் பயிலும் மரபும் பழையதே. 1922இல் வெளிவந்த ஒஸ்ரின் செவின் என்னும் சிறுகார், சாமானியக் குடும்பத்துக்கென ஆக்கப்பட்டது. அதனை விரும்பியோர் 1939இல் 750 மோட்டார்க் கழகம் என ஒரு சங்கத்தை நிறுவினர். பழைய ஒஸ்ரின் ஒன்றை வாங்கி, மேற்கூட்டைக் களைந்து, தம் கைப்படச் செப்பனிட்டுப் பந்தயத்தில் ஓட்டுவது அவர்கள் வழக்கம். பின்னாளில் லோட்டஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த கொலின் சப்மன் 1948இல் கட்டிய முதலாவது கார் ஒரு பழைய ஒஸ்ரின் செவினின் அடிப்படையிலேயே அமைந்தது. நியூசிலாந்தைச் சேர்ந்த புறூஸ் மக்லாறனும் தம் இளமையில் ஒஸ்ரின் செவின் கார் ஒன்றிலேயே போட்டிகளில் இறங்கினார்.

ஆயினும் பந்தயக்காரருக்கும் தடநாளுக்கு வருபவருக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. பந்தயக்காரர் தம் காரை இழுவை வண்டியில் ஏற்றி வருவார். உடைந்தாலும் ஏற்றிச் செல்வார். நமது எழுதுவினைஞரோ ஓட்டி வந்த காரிலேயே வீடு திரும்ப வேண்டியவர். திங்கட்கிழமை காலையில் அக்கார் பிள்ளையைப் பாடசாலையிலும் அவரை அலுவலகத்திலும் கொண்டு சேர்க்க வேண்டும். வீதிக்கெனப் பெறும் வழக்கமான காப்புறுதி பெரும்பாலும் தடத்தில் நேரும் சேதத்தை ஏற்பதில்லை. தனியே ஒரு நாட் காப்புறுதி பெறலாம்; அதற்கும் பணம் வேண்டும். ஜேர்மனியிலுள்ள நூர்புர்க்றிங் வடதடம் 20.8 கிலோமீற்றர் நீளமானது. கட்டணம் செலுத்திய எவரும் தம் காரை அங்கு ஓட்டலாம். அங்கே ஓட்டுநர் பாதையோர இரும்புவேலியில் மோதினால், வேலியைச் செப்பனிடும் செலவும் அவர் தலையிலேயே விழும். ஆதலால், இழந்தால் தாங்கிக்கொள்ள முடியாத காரைத் தடத்துக்குக் கொண்டு செல்லலாகாது என்பதை இத்துறையில் பழகியோர் முதல் விதியாகக் கொள்வர். கடனுக்கு வாங்கிய புதிய காருடன் வருபவரைவிட, கடன் தீர்ந்த பழைய சிறுகாருடன் வருபவர் மனவமைதியோடு ஓட்டுவார்.

தடநாளின் ஒழுங்குகள் இந்த அமைதிக்குத் துணைபுரிகின்றன. ஓட்டுநர் தமது சாரதி அனுமதிப்பத்திரத்தைக் காட்ட வேண்டும். தலைக்கவசம் அணிய வேண்டும். காலையில் நடக்கும் விளக்கவுரைக்குத் தவறாது வர வேண்டும். நேரங்கணித்தல் பெரும்பாலும் தடைசெய்யப்பட்டுள்ளது. கடிகாரம் புகுந்த இடத்தில் போட்டியும் புகும் என்பதை நடத்துவோர் அறிவர். முந்திச் செல்ல விரும்புபவர் முன்னுள்ளவர் வழிவிடும்வரை காத்திருக்க வேண்டும். அதுவும் குறித்த ஒரு பக்கத்தாலேயே, வளைவுகளில் அன்றி நேர்ப்பாதைகளில் மட்டும். மஞ்சட் கொடி அபாயத்தையும், செங்கொடி ஓட்டம் நிறுத்தப்பட்டதையும் உணர்த்தும். ஒலிக்கும் ஓர் எல்லை உண்டு. புகைக்குழாயை மாற்றிப் பேரொலி எழுப்பும் கார்கள் வாயிலிலேயே திருப்பி அனுப்பப்படுவதுண்டு. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் சாதாரணக் காருக்கு இந்தத் தொல்லை இல்லை.

இனி, கையிலுள்ள சிறு தொகையை எதிற் செலவிடுவது என்பதே வினா. புதியவர் எவரும் முதலில் இயந்திரத்தையே நினைப்பர். இன்னும் பத்துக் குதிரைவலு கூடினால் நன்றாயிருக்குமே என்பர். இது தவறான கணக்கு. வேகத்தைக் கூட்டும் பொருளுக்கு முன்னர், வேகத்தைக் குறைக்கும் பொருளுக்கே பணம் செல்ல வேண்டும்.

காரணம் எளிய பெளதிகத்தில் அடங்கியுள்ளது. ஓடும் பொருளின் இயக்கசக்தி அதன் வேகத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகுவது. வேகம் இருமடங்கானால் சக்தி நான்கு மடங்காகும். 1,000 கிலோகிராம் எடையுள்ள ஒரு சிறுகார் நகரத்தில் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து முற்றாக நிற்கும்போது, அதன் பிரேக்குகள் ஏறத்தாழ 96,000 ஜூல் சக்தியை வெப்பமாக மாற்றுகின்றன. அதே கார் தடத்தின் நேர்ப்பாதை முடிவில் 160 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 80க்குக் குறையும்போது, அவை ஏற்க வேண்டிய சக்தி ஏறத்தாழ 740,000 ஜூல். நின்றுவிடவுமில்லை, வேகம் பாதியாகக் குறைந்திருக்கிறது, அவ்வளவே. இவ்வெப்பம் இரண்டு லீற்றருக்குச் சற்று அதிகமான தண்ணீரைக் குளிர்நிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. ஒரு சுற்றில் இத்தகைய இடங்கள் மூன்று இருப்பின், பத்துச் சுற்றில் முப்பது முறை இது நிகழும். வீதியில் ஒரு முறை அழுத்தியபின் குளிர்வதற்கு நேரம் கிடைக்கும். தடத்தில் அது கிடைப்பதில்லை.

இவ்வெப்பம் இரு வழிகளில் கேடு விளைவிக்கும். ஒன்று, உராய்வுப் பட்டைகள் தமக்குரிய வெப்ப எல்லையைக் கடந்ததும் பிடிப்பை இழத்தல். அப்போது மிதி கல்லைப்போல் உறுதியாயிருக்கும். காரோ நிற்க மறுக்கும். மற்றது இதனினும் கொடியது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 4 என்னும் தரத்து எண்ணெய் புதிதாயிருக்கையில் 230 பாகை செல்சியசுக்குக் குறைந்த வெப்பநிலையிற் கொதிக்கலாகாது என்பது விதி. நூற்றுக்கு 3.7 பங்கு நீர் கலந்துவிட்டாலோ, அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடும். எண்ணெய் கொதித்தால் ஆவிக்குமிழிகள் தோன்றும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். ஓட்டுநர் மிதியை அழுத்துவார். அது தடையின்றித் தரைவரை இறங்கும். சில்லுகளிலோ யாதொரு விளைவும் இராது. நேர்ப்பாதையின் முடிவில், வளைவு கண்முன்னே விரையும் அந்தக் கணத்தில் இவ்வுண்மையை அறிந்துகொள்வதைவிட, முந்திய வாரமே ஒரு போத்தல் புதிய எண்ணெய் வாங்கி மாற்றுவது மலிவானது. அதனோடு சற்று உயர்ந்த வெப்பத்தைத் தாங்கும் உராய்வுப் பட்டைகளையும் பொருத்தினால், எளிய காருக்கு வேண்டிய மாற்றங்களுட் பெரும்பகுதி நிறைவேறியதாகும்.

எடை குறைந்த காரைத் தேர்வது ஏன் சிக்கனம் என்பதும் இக்கணக்கிலிருந்தே புலப்படும். எடை பாதியானால் பிரேக் ஏற்கும் வெப்பமும் பாதியாகும். ரயர்களும் மெதுவாகத் தேயும், பெற்றோலும் மிச்சப்படும். 1989இல் வெளிவந்த மஸ்டா எம்.எக்ஸ். 5 தடநாட்களில் இத்துணை பெருந்தொகையாகக் காணப்படுவதற்கு அதன் அழகு மட்டும் காரணமன்று. பெருங்கார் ஒன்று மலிவாக விற்பனைக்கு வந்தால், அதன் ரயரின் விலையை முதலில் விசாரிப்பது புத்திசாலித்தனம்.

ரயர்களுக்குப் புதிதாகச் செலவிட வேண்டியதில்லை. ஆனால் அவற்றைக் கவனிக்க வேண்டும். சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் அமுக்கத்தில் குளிர்ந்திருந்த ரயரின் உட்காற்று 20 பாகையிலிருந்து 70 பாகைக்கு ஏறினால், அமுக்கம் ஏறத்தாழ 38 இறாத்தலாக உயரும். ரயர் உப்பி, தரையைத் தொடும் பரப்புச் சுருங்கி, கார் வழுக்கத் தொடங்கும். புதியவர் இதைத் தமது திறமைக்குறைவு என எண்ணி வருந்துவார். காற்றைச் சிறிது வெளியேற்றினாலே குறை நீங்கும். இயந்திர எண்ணெயை மேற்கோடு வரை நிரப்பி வைத்தல், சில்லு ஆணிகளின் இறுக்கத்தைச் சோதித்தல், காரினுள் உருளக்கூடிய யாவற்றையும் வெளியே எடுத்து வைத்தல் ஆகியன செலவில்லாத காரியங்கள். உருண்டுவந்த ஒரு தண்ணீர்ப் போத்தல் பிரேக் மிதியின் கீழ்ச் சிக்கிக்கொண்டால் என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் செய்தபின் எஞ்சும் பணம் இருக்குமாயின், அதற்குரிய இடம் காரில் இல்லை. ஓட்டுநரின் பக்கத்து ஆசனத்திலே உள்ளது. தடநாள்களிற் பயிற்றுநர்களை மணிக்கணக்கிலோ அதற்குக் குறைவாகவோ அமர்த்திக்கொள்ளலாம். வீதியில் இருபது ஆண்டு ஓட்டியவரும் தடத்தில் செய்யும் பிழைகள் பெரும்பாலும் ஒரே வகையின. வளைவுக்குள் மிகுந்த வேகத்துடன் நுழைவர். உள்ளே சென்றபின் அஞ்சி, வேக மிதியிலிருந்து காலைச் சடுதியாக எடுப்பர். அப்போது காரின் பாரம் முன்பக்கம் சாயும். பின்சில்லுகள் தரைப்பிடிப்பை இழக்கும். கார் பம்பரம்போற் சுழலும். பயிற்றுநர் கற்பிப்பது பெரிய இரகசியம் எதுவுமன்று. நேராக ஓடும்போதே பிரேக்கை அழுத்தி முடித்தல், மெதுவாக உள்ளே சென்று விரைவாக வெளியேறல், பார்வையைக் காரின் மூக்கிலன்றிப் போகவேண்டிய இடத்திற் பதித்தல் ஆகிய இவைதாம். கேட்பதற்கு எளியன. கைக்கும் காலுக்கும் இவற்றைப் பழக்குவதற்குள் ஒரு பகல் கழிந்துவிடும். குறைந்த வலுவுள்ள கார் இங்கே நல்ல ஆசான். வலிய இயந்திரம் ஓட்டுநரின் பிழையை நேர்ப்பாதையில் மறைத்துவிடும். சிறிய இயந்திரமோ, வளைவில் வீணாக்கிய வேகத்தைத் திருப்பித் தராது. பிழை உடனே தெரிந்துவிடும்.

ஒரு தடவையில் ஐந்தாறு சுற்றுக்கு மேல் ஓட்டாமலிருப்பது எளிய காருக்கும் நல்லது, ஓட்டுநரின் கவனத்துக்கும் நல்லது. கடைசிச் சுற்றை பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டி வருவர். காற்றுப்பட்டு யாவும் குளிரும். நிறுத்தியபின் கைப்பிரேக்கை இழுப்பதில்லை. கொதிக்கும் தட்டின்மேல் பட்டைகள் இறுகிநிற்பது நன்றன்று. கியரில் விட்டு, சில்லுக்குக் கல் வைப்பது வழக்கம்.

நான்கு அல்லது ஐந்து மணியளவில் தடம் ஓய்கின்றது. சிலர் கடைசி அரைமணி நேரத்தை விட்டுக்கொடுத்து முன்னரே நிறுத்திவிடுவர். உடல் களைத்து, துணிவு மட்டும் வளர்ந்திருக்கும் அவ்வேளையில் விபத்து நேர்வது எளிது என்பது அவர்கள் கணக்கு. நமது எழுதுவினைஞர் ரயர்களுக்கு மீண்டும் காற்று நிரப்புகின்றார். பிரேக் பட்டைகளின் தடிப்பைக் கைவிளக்கின் ஒளியிற் பார்க்கின்றார். ஒரு கோப்பைத் தேநீருடன் அரைமணி நேரம் வாளாவிருக்கின்றார். நாள் முழுவதும் 150 கிலோமீற்றர் வேகத்திற் பழகிய கண்ணுக்கு, வீதியில் 80 என்பது தவழ்வது போலத் தோன்றும். அந்த மயக்கம் தெளிய வேண்டும். பின்னர் பின்னிருக்கையிலே குழந்தையின் ஆசனத்தைப் பொருத்தி, வார்களை இழுத்துச் சரிபார்த்து, மாலை நெரிசலில் மற்றைய கார்களோடு கலந்து வீடு நோக்கிச் செல்கின்றார்.