வறட்சிக் காலத்து நீர்ப் பங்கீடு

(ஆயக்குடியில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



எழுத்தும் சொல்லும் கற்பிக்கும் தொழிலுடைய யான், அணையையும் மடையையும் பற்றிப் பேச எழுந்தது சிலர்க்கு வியப்பாகலாம். எனினும் யானும் இவ்வூர் நீர் உண்டு வளர்ந்தவன். குளத்துப் பாசனத்தில் சிறு நிலம் உடையவன். அவ்வுரிமை பற்றியே சில கூறத் துணிந்தேன். குற்றம் உளதாயின் பெரியோர் பொறுத்தருள்க.

நம் ஊர் பழனிமலையின் வடபால் அடிவாரத்தில் அமைந்தது. மலையினின்று இழியும் ஓடைகளே நமக்கு உயிர். கொடைக்கானல் செல்லும் மலைச்சாலையருகே வரதமாநதி அணையும், பாலசமுத்திரத்தை அடுத்துப் பாலாறு-பொருந்தலாறு அணையும், மேற்கே குதிரையாறு அணையும் அந்நீரைத் தேக்குகின்றன. இவற்றின் முழு நீர்மட்டம் முறையே ஏறத்தாழ 66, 65, 80 அடியாகும். தென்மேற்குப் பருவமழையில் பெரும்பகுதியை மேற்கேயுள்ள மலைகள் தடுத்துக்கொள்வதால், ஐப்பசி கார்த்திகை மழையையே நாம் பெரிதும் நம்பியிருக்கிறோம். அது பொய்க்குமாயின், அடுத்த ஐப்பசி வரையில் கையிருப்பைக் கொண்டே காலங்கழித்தல் வேண்டும்.

2016-ஆம் ஆண்டில் அவ்வாறே நேர்ந்தது. வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் நூற்றுக்கு 62 பங்கு குறைந்தது. 2017 ஜனவரி 10-ஆம் நாள் எல்லா மாவட்டங்களும் வறட்சியுற்றனவாக அரசினர் அறிவித்தனர். அவ்வாண்டு யான் செய்த பிழையொன்றை இவ்வவையில் மறையாது கூறுகிறேன். குளத்தில் நீர் குறைந்திருந்தமையால் ஊரார் கூடி முறை வகுத்தனர். எங்கள் வயல் தலைமடையில் உள்ளது. எங்கள் முறை வருதற்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. பயிர் வாடுகின்றதே என்னும் ஆற்றாமையால், ஓர் இரவு மடைப்பலகையை உயர்த்தி நீர் பாய்ச்சிக்கொண்டேன். கேட்பாரில்லை. சின்னாட்களில் கடைமடைத் தோட்டமொன்றில் கொய்யாக் கன்றுகள் கருகின. அவ்வீட்டுப் பிள்ளை என் வகுப்பில் பயின்றவன். அவன் என் செயலை அறியான். ஆயினும் அவன் முகத்தை நேரே நோக்கிப் பாடஞ் சொல்ல என்னால் இயலவில்லை. ஒருவன் ஓரிரவு எடுத்த நீரால் குளம் வற்றிவிடவில்லை என்று அன்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். அவ்வாறே ஒவ்வொருவரும் தேற்றிக்கொள்வதனாலன்றோ குளம் வற்றுகின்றது?

அன்பர்களே! தேங்கிய நீரைப்பற்றி நாம் எல்லோரும் செய்யும் பிழைக்கணக்கு ஒன்றுண்டு. அணையில் பாதி உயரம் நீரிருந்தால் பாதி நீர் உளதென்று எண்ணுகிறோம். அஃது உண்மையன்று. நீர்த்தேக்கத்தின் அடி குறுகியது, மேற்பரப்போ அகன்றது. மேட்டூர் அணையை நோக்குங்கள். அதன் முழு உயரமாகிய 120 அடியில் 93.47 டி.எம்.சி. நீர் கொள்ளும், ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. 60 அடிக்கு இறங்கும்பொழுது எஞ்சுவது ஏறத்தாழ 25 டி.எம்.சி. மட்டுமே. அஃதாவது பாதி உயரத்தில் இருப்பது கால் பங்கு நீரே! நம் குளங்களும் அடி குறுகி மேற்பரப்பு அகன்றவை. ஆதலின் அவற்றிற்கும் இக்கணக்கு ஏறக்குறையப் பொருந்தும். பாதி இறங்கிய பின்னர்ப் பார்த்துக்கொள்வோம் என்பவன், முக்காற் பங்கைச் செலவிட்ட பின்னரே சிக்கனத்தைத் தொடங்குகிறான்.

மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறத்தல் மரபு. 2023-ஆம் ஆண்டில் அந்நாளில் நீர்மட்டம் 103 அடிக்கு மேலிருந்தது. மரபுப்படி மதகுகள் திறக்கப்பட்டன. உழவர் மகிழ்ந்து குறுவை நட்டனர். ஆனால் அவ்வாண்டு ஆகஸ்டு மாதம், 1901 முதல் கணக்கெடுத்த ஆகஸ்டு மாதங்களுள் இந்திய நாட்டிற்கு மிகக் குறைந்த மழை தந்ததாயிற்று. காவிரியில் வரத்துச் சுருங்கிற்று. அக்டோபர் 10-ஆம் நாள், நீர்மட்டம் 30 அடியளவில் நிற்க, பாசனத்திற்கு விடும் நீர் நிறுத்தப்பட்டது. நடும்பொழுது இருந்த நீர், கதிர் முற்றும் வரையில் போதுமென்பதற்கு எவரும் பிணை நிற்க இயலாது என்பதே இதனால் அறியத்தக்கது.

காவிரி நடுவர் மன்றம் 2007-இல் அளித்த இறுதித் தீர்ப்பு, நீர் குறைந்த ஆண்டில் அவரவர் பங்கும் அவ்விகிதப்படி குறைதல் வேண்டும் என்று விதித்தது. நன்று. எனினும் அக்குறைவை மாதந்தோறும் எங்ஙனம் அளப்பது என்பதில் இணக்கம் ஏற்படாமையால், வறண்ட ஆண்டுதோறும் வழக்கு எழுகின்றது. ஆகவே யான் வற்புறுத்த விழைவது ஒன்றே: பங்கீட்டு விதி, நீர் நிறைந்திருக்கும்பொழுதே எழுதப்படல் வேண்டும். வற்றிய பின்னர் எழுதும் விதி, வலியவன் எழுதும் விதியாகும்.

கடல் கடந்த ஊரொன்றின் செய்தியையும் கேளுங்கள். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரம் மூன்றாண்டு மழையின்மையால் வாடியது. 2018 பிப்ரவரி முதல் நாள்தொட்டு ஆளொன்றுக்கு ஒருநாளைக்கு 50 லிட்டர் என்று வரையறுத்தனர். குழாய்களை அடைக்கும் நாள் இதுவெனவும் முன்னரே கணக்கிட்டு அறிவித்தனர். அப்பொழுது அருகிலிருந்த குரூன்லாந்து என்னும் பகுதியின் உழவர் சங்கத்தார், தம் அணைகளிலிருந்து 1,000 கோடி லிட்டர் நீரை நகரத்திற்கு விட்டுக்கொடுத்தனர். அவர்களும் நம்மைப்போற் பழத்தோட்டம் வைத்திருப்போர். நமக்குக் கொய்யா, அவர்க்கு ஆப்பிளும் பேரியும். நகர மாந்தரும் தம் செலவைப் பாதிக்கும் கீழே குறைத்தனர். மழை வருமளவும் குழாய்கள் அடைபடவில்லை. ஒரு சங்கத்தின் தீர்மானம் ஒரு நகரத்தின் தாகத்தைத் தணிக்கத் துணைபுரிந்தது. நம் சங்கமும் சங்கந்தானே?

ஆதலின் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். முதலாவது, நம் குளங்களின் மதகுத் தூணில் அளவுக்கோடு தீட்டி, வாரந்தோறும் நீர்மட்டத்தைச் சாவடிப் பலகையில் எழுதுவோம். என் மாணாக்கர் அப்பணியை ஏற்பர். இரண்டாவது, குடிநீர், கால்நடை, நிற்கும் மரம், அதன் பின்னரே பயிர் என்னும் வரிசையைக் கார்த்திகையிலேயே ஊர்கூடி எழுதிக் கையொப்பமிடுவோம். நீர் குறைவான ஆண்டில் நெல்லை விடுத்துச் சோளமோ கம்போ விதைப்போம். மூன்றாவது, முறைப்பாசனத்தைக் கடைமடையிலிருந்து தொடங்குவோம். தலைமடையான் வாய்க்காலைக் கண்ணெதிரே காண்கிறான். எஞ்சியதை எளிதிற் பெறுவான். கடைமடையானுக்கு எஞ்சுவது மணலே.

தலைமடையில் நம்மவர் பலர் உளர். கடைமடையில் நம்மவரும் பிறரும் உளர். வாய்க்கால் நீர் எவன் எக்குலத்தான் என்று வினவிப் பாய்வதில்லை. நாமும் வினவுதல் தகாது. இத்தீர்மானத்தைச் சங்கம் ஏற்குமாயின், முதற் கையொப்பம் என்னுடையதாகுக. மடைப்பலகையை இரவில் உயர்த்திய கை, பகலில் பலர் அறிய அவ்வெழுத்தை இடுதலே முறையாகும்.