இட்டேரியும் பெருஞ்சாலையும்: சிறுநகரங்களின் வளர்ச்சி குறித்து ஒரு வாதம்



 

1. வழக்கு

நகரமைப்புத் துறையில் என் சகாக்களுக்கும் எனக்கும் முப்பது ஆண்டுகளாகத் தீராத வழக்கு ஒன்று உண்டென்பதை இங்கே அமர்ந்திருப்போரில் பலர் அறிவீர்கள். சிறுநகரங்களை நோக்கி ஜனங்கள் திரளாக வருவது ஒரு வியாதியென்றும், தொழில்களைக் கிராமங்களுக்குப் பரப்பியும், ஊரைச் சுற்றிப் பசுமை வளையம் இட்டும், ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் உபயோகம் இன்னதென்று நிறம் தீட்டிய முழுமைத் திட்டத்தை வகுத்தும் அவ்வியாதியைத் தணிக்கலாமென்றும் அவர்கள் கருதுகிறார்கள். பிழைப்பைத் தேடி வருபவனைத் தடுக்கும் சக்தி எந்த நகரசபைக்கும் இருந்ததில்லை என்பதும், ஆனால் அவன் வருமுன்னரே சாலைக்கு நிலம் ஒதுக்கி வைக்கும் சக்தி மிகச் சிறிய நகரசபைக்கும் உண்டு என்பதும் என் அபிப்பிராயம். இன்று அதனை நிறுவ முயல்கிறேன்.

இது அற்ப விஷயமன்று. உலகத்து நகரவாசிகளுள் ஏறத்தாழப் பாதிப்பேர் ஐந்து இலட்சத்துக்கும் குறைந்த ஜனத்தொகையுடைய ஊர்களில் வாழ்வதாக ஐக்கிய நாடுகள் சபை கணக்கிட்டுள்ளது. நம் தேசத்தில் தொழிலாலும் நெருக்கத்தாலும் நகரமாகிவிட்டும் சட்டத்தால் கிராமமாகவே நிற்கும் ‘கணக்கெடுப்பு நகரங்கள்’ 2001-இல் 1,362. 2011-இல் ஏறத்தாழ 3,900.

2. திருப்பூர்

என் வாதத்துக்கு ஆதாரமாக நான் எப்பொழுதும் எடுத்துக்காட்டும் ஊர் திருப்பூர். இன்றும் அதனையே எடுத்துக்கொள்கிறேன். 1961-இல் ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் வாழ்ந்த அவ்வூர் 1971-இல் ஓர் இலட்சத்தைக் கடந்தது. மாநகரங்களுக்குச் செல்லும் ஜனங்களைச் சிறுநகரங்களிலேயே நிறுத்துவதற்கென்று மத்திய அரசு 1979-80-இல் சிறு, நடுத்தர நகரங்களுக்கான அபிவிருத்தித் திட்டத்தைத் தொடங்கியபொழுது, ஓர் இலட்சத்துக்கு மேற்படாத ஊர்களுக்கே அது உரியதென்று விதித்தார்கள். எந்தத் திட்டத்தின் துணையுமின்றித் தானே வளர்ந்துகொண்டிருந்த திருப்பூர் அந்த வரம்பை முன்னரே தாண்டிவிட்டது. வளராத ஊரை வளர்க்க நம்மிடம் திட்டம் இருந்தது; வளர்கின்ற ஊருக்கு இடமளிக்கத் திட்டம் இல்லை.

திருப்பூர் அமைந்துள்ள கொங்கு நாட்டின் மேட்டு நிலத்தை அறியாதவர்களுக்காக ஒன்றை விவரிக்க வேண்டும். அங்கே காடும் தோட்டமும் கிளுவை வேலியால் அடைக்கப்பட்டிருக்கும். இரு வேலிகளுக்கிடையே மாட்டுவண்டி போகும் அகலத்தில், காட்டின் மூலைக்கு மூலை திரும்பி, மழைக்காலத்தில் நீரோடும் வாய்க்காலாகவும் உதவும் வண்டிப்பாதைக்கு இட்டேரி என்று பெயர். ஆட்டுமந்தைக்கும் ஏர்மாட்டுக்கும் அது போதுமானதாக இருந்தது. 1970-களின் இறுதியிலிருந்து பின்னலாடை ஏற்றுமதி பெருகி, மதுரையிலிருந்தும் தேனியிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும், பின்னர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் வந்து சேரவே, அந்தக் காடுகள் ஒவ்வொன்றாக மனையிடங்களாயின. ஐந்து ஏக்கர் காடுடைய ஒருவர் விற்கிறார். வாங்கியவர் கல் நட்டு, தம் மனைகளுக்கு மட்டும் போதுமான இருபதடிப் பாதையை விடுகிறார். பக்கத்துக் காட்டுக்காரர் இரண்டாண்டு கழித்து விற்கும்பொழுது, அங்கே விடப்படும் பாதை முன்னதன் நேரே அமைவதில்லை. இவ்வாறு ஒவ்வொரு மனைக்கும் வழி உண்டாகி, ஊருக்கு வழி இல்லாமற்போயிற்று. எல்லா மனைப்பிரிவுகளையும் வெளியுலகத்தோடு இணைக்கும் பொறுப்பு, கடைசியில் அந்தப் பழைய இட்டேரியின் தலையிலேயே விழுந்தது.

அந்த இட்டேரியின் ஓரத்தில் எழுந்தவைதாம் லைன் வீடுகள். ஒரே கூரையின்கீழ் வரிசையாக எட்டு அல்லது பத்து ஒற்றையறைகள். முற்றத்தில் பொதுக் குழாய். மூலையில் பொதுக் கழிப்பிடம். பனியன் கம்பெனியில் காலையில் புகுந்து ஒன்றரை ஷிப்ட் உழைத்து இரவில் திரும்பும் பெண், குடத்தை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு நடந்து, வரிசையில் நிற்பதை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். தண்ணீர் லாரி அவள் வாசலுக்கு வராததற்குத் தண்ணீர்ப் பஞ்சம் மட்டும் காரணமன்று. லாரி திரும்ப அங்கே இடமில்லை. 1995-இல் தண்ணீருக்கென்று தனி நிறுவனமே உருவாகி, நாளொன்றுக்கு 18 கோடியே 50 இலட்சம் லிட்டர் நீரைப் பவானிக்கு அருகிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் குழாய் வழியே கொண்டுவரும் பெரும்பணி நிறைவேறிற்று. அந்நீரில் பெரும்பங்கு தொழிற்சாலைகளுக்கென வகுக்கப்பட்டது. பணமும் பொறியியலும் சேர்ந்து ஒரு நதியின் நீரையே ஊரெல்லைக்குக் கொண்டுவந்தன. எல்லையிலிருந்து அந்த லைன் வீட்டு முற்றம் வரையிலான கடைசி இருநூறு கஜமே மிகக் கடினமான தூரமாக நின்றது. குழாயைப் பின்னர் பதிக்கலாம், விளக்கைப் பின்னர் நடலாம், பள்ளியைப் பின்னர் கட்டலாம். வீடுகள் எழுந்தபின் சாலைக்கு நிலத்தை மட்டும் எங்கிருந்து கொண்டுவருவது?

‘நகரசபை அப்பொழுதே விழித்திருக்கலாமே’ என்று என் நண்பர்கள் கேட்பார்கள். 2011-ஆம் ஆண்டுக் கணக்கில் நகர எல்லைக்குள் வாழ்ந்தோர் 4,44,352 பேர். தொடர்ந்து கட்டப்பட்டு ஒன்றாகிவிட்ட நகரத்தொகுதியிலோ ஏறத்தாழ 9,60,000 பேர். பாதிக்கு மேற்பட்டோர் கோட்டுக்கு வெளியே இருந்தார்கள். அவ்வாறு வெளியே நின்ற வேலம்பாளையமும் நல்லூரும் மாநகராட்சியோடு இணைந்ததும் அவ்வாண்டில்தான்; அதற்குள் இட்டேரிகளின் இருபுறமும் சுவர் எழும்பிவிட்டது.

ஊரின் ஊடே ஓடும் நொய்யல் ஆற்றைக் காட்டி என்னை மறுப்போரும் உண்டு. அம்மறுப்பை நான் இலேசாகக் கருதவில்லை. சாயப்பட்டறைகளின் உப்புக்கழிவு ஆற்றில் கலந்து, 1992-இல் பாசனத்துக்கென முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, ஆற்றையும் கீழ்ப்பகுதி வயல்களையும் கெடுத்தது மன்னிக்கத்தகாத அநீதி. ஆனால் அந்த உப்பைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்தவன் குடியேறிய தொழிலாளி அல்லன். உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பின்னர், கழிவுநீரை வெளியேற்றாது சுத்திகரித்து மீண்டும் உபயோகிக்கும் முறை வேரூன்றிற்று, தொழிலும் பிழைத்தது. கட்டுப்படுத்தியிருக்க வேண்டியது கழிவை, ஜனங்களையல்ல.

3. பிற இடங்கள்

என் கொள்கை புதிதன்று. 1811-இல் நியூயார்க்கின் ஆணையர்கள் மன்ஹாட்டன் தீவின் 155-ஆம் தெரு வரையில் கோடு கிழித்து வைத்தபொழுது, அந்நகரின் ஜனத்தொகை ஓர் இலட்சத்துக்கும் குறைவு. அதாவது 1971-ஆம் ஆண்டுத் திருப்பூரைவிடச் சிறிய ஊர். 2013-இல் எத்தியோப்பியாவின் அடாமா, பகிர்தார், அவாசா, மெக்கெலே ஆகிய நான்கு நகரங்கள், ஷ்லோமோ ஏஞ்சல் என்ற அறிஞரின் குழுவோடு சேர்ந்து, வரவிருக்கும் ஜனங்களுக்கென ஊருக்கு வெளியே பெருஞ்சாலைகளின் வலையை முன்கூட்டியே குறிக்கத் தொடங்கின. விளைநிலம் பாழாகுமே என்பார்க்கு ஒரு கணக்கு: கிலோமீட்டருக்கு ஒன்றாக, முப்பது மீட்டர் அகலத்தில், குறுக்கும் நெடுக்கும் சாலை ஒதுக்கினாலும், ஆகும் நிலம் நூற்றுக்கு ஆறு பங்குதான். பணமெங்கே என்பார்க்குக் குஜராத்தின் வழி இருக்கிறது: 1915-ஆம் ஆண்டுப் பம்பாய் நகரமைப்புச் சட்டத்திலிருந்து வளர்ந்த அம்முறையில், நிலங்களை ஒன்றாகச் சேர்த்து, சாலைக்கு ஒரு பங்கை விட்டு, எஞ்சியதை ஒழுங்கான மனையாக உரிமையாளருக்கே திருப்பித் தருகிறார்கள்.

4. இனிச் செய்யவேண்டியவை

நேரம் குறுகிவிட்டமையால் சிலவற்றைக் குறிப்பிட்டு முடிக்கிறேன். லைன் வீடுகளின் வாடகையையும் முன்பணத்தையும் பற்றி ஆராய வேண்டும். சனிக்கிழமைக் கூலி ஊரின் கடைத்தெருவையும் போக்குவரத்தையும் எவ்வாறு இயக்குகிறது என்று காண வேண்டும். ஒடியாவும் இந்தியும் பேசும் குழந்தைகளின் பள்ளிப்படிப்பு தனி ஆய்வுக்குரியது. அனுமதியற்ற மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-இல் வந்த விதிகள் சாலைகளை இணைத்தனவா, மனைகளை மட்டும் அங்கீகரித்தனவா என்பதையும் ஒருவர் அளந்து சொல்ல வேண்டும்.

இவையனைத்துக்கும் முந்திய வேலை ஒன்று உண்டு. பல்லடத்தையும் அவிநாசியையும் காங்கேயத்தையும் சுற்றி இன்னும் வேலியோடு நிற்கும் இட்டேரிகள் பல. அவை கிராம வரைபடத்தில் வண்டிப்பாதையாகக் குறிக்கப்பட்டவை. எவை நாளைய பெருஞ்சாலையாக விரியத் தகுந்தவை என்பதை, பக்கத்துக் காட்டில் மனைக்கல் நடப்படுமுன், அங்கே போய் அளந்து குறித்து, ஊராட்சி அலுவலகத்தின் சுவரில் மாட்டுங்கள். அதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. இரண்டு மாணவரும் ஓர் அளவுச் சங்கிலியும் ஒரு கோடை விடுமுறையும் போதும். இவ்வாண்டே தொடங்குங்கள்.