வெறியாட்டும் தோழியும்: அண்மையில் படித்த மூன்று புதினங்கள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



'அண்மையில் படித்தவை' என்னும் தலைப்பில் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். தமிழாசிரியை ஆதலால் சங்க இலக்கிய ஆய்வு நூல்கள் இரண்டையோ புதிதாக வந்த உரைநூல் ஒன்றையோ எடுத்துக்கொள்வேன் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கடந்த கோடை விடுமுறை முழுவதும் நான் படித்தவை காதல் புதினங்கள். அதிலும் ஆவிகள் உலவும் காதல் புதினங்கள்.

இதைச் சொல்லும்போது முன்வரிசையில் சிலர் புன்னகை செய்வதைக் காண்கிறேன். அப்புன்னகைக்குக் காரணம் உண்டு. காதல் புதினம் என்றால் வார இதழ்த் தொடர்கதை என்றும், பேய்க்கதை என்றால் தொடர்வண்டியில் படித்துவிட்டு இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்கத்தக்கது என்றும் நாம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். புதுமைப்பித்தன் 'காஞ்சனை'யை எழுதிய மொழியில் இப்படி ஒதுக்குவது பொருந்தாது. எனினும் அதற்காக வழக்காட நான் வரவில்லை. நான் படித்த மூன்று புதினங்களை உங்களுக்குப் பரிந்துரைக்கவும், அவற்றை எப்படிப் படிக்கலாம் என்று சொல்லவுமே வந்திருக்கிறேன்.

படிக்கும் முறையை நம் அகப்பாடல்களே எனக்குக் கற்றுத் தந்தன. ஆதலின் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தாய் கண்டதும் தோழி கண்டதும்

குறிஞ்சித் திணையில் வெறியாட்டு என்றொரு துறை உண்டு. ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய குறிஞ்சிப் பகுதியில் 'வெறிப்பத்து' என்று பத்துப் பாடல்கள் இதற்கெனவே அமைந்துள்ளன. தலைவி மெலிகிறாள், பசலை படர்கிறது, வளை நெகிழ்கிறது. தாய் இதைக் கண்டு கலங்குகிறாள். கட்டுவிச்சியைக் கேட்கிறாள், வேலனை அழைக்கிறாள். வேலன் கழங்கு பார்த்து, இது முருகன் அணங்கியதால் வந்த நோய் என்கிறான். மணல் பரப்பிக் களம் அமைக்கிறார்கள், மறி அறுக்கிறார்கள்.

தோழிக்கு மட்டும் உண்மை தெரியும். இது தெய்வத்தால் வந்த நோயன்று. மலைநாடன் ஒருவனால் வந்தது. நற்றிணையில் ஒரு தோழி முருகனையே நோக்கி, இந்நோய் உன்னால் வந்ததன்று என அறிந்தும் வெறியாட்டுக்கு வந்து நிற்கிறாயே, நீ கடவுளே ஆயினும் அறியாமை உடையாய் என்று நகையாடுகிறாள். பின்னர்த் தோழி உண்மையைத் தக்க முறையில் வெளிப்படுத்துகிறாள். இதனை அறத்தொடு நிற்றல் என்று நம் இலக்கணம் பெயரிட்டுப் போற்றுகிறது. மறைவை வெளியிடுவதற்கு 'அறம்' என்று பெயர் வைத்த நம் முன்னோரை எத்துணை பாராட்டினாலும் தகும்.

ஆக, ஒரே நோயைத் தாய் அணங்காகக் காண்கிறாள். தோழி காதலாகக் காண்கிறாள். நான் படித்த மூன்று புதினங்களிலும் ஆவி உண்டு. அல்லது ஆவி உண்டென்ற அச்சம் உண்டு. ஒவ்வொன்றிலும் நான் என்னையே கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: இங்கே தோழி யார்? அவள் பேச வேண்டிய நேரத்தில் பேசினாளா?

வூதரிங் ஹைட்ஸ்

எமிலி பிராண்ட்டி எழுதிய இப்புதினம் 1847 டிசம்பரில் எல்லிஸ் பெல் என்னும் ஆண்பெயர் போன்ற புனைபெயரில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில், முப்பது வயதில், எமிலி மறைந்துவிட்டார். அவர் எழுதி வெளிவந்த புதினம் இது ஒன்றே.

இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில், புதர் மண்டிய மேட்டு நிலத்தில் கதை நிகழ்கிறது. தொடக்கத்திலேயே ஆவி வந்துவிடுகிறது. பனி கொட்டும் இரவில் அங்குத் தங்க நேர்ந்த ஒருவன், சன்னலில் மரக்கிளை தட்டுவதாக எண்ணிக் கண்ணாடியை உடைத்துக் கையை நீட்டுகிறான். கிளைக்குப் பதிலாகப் பனிபோல் குளிர்ந்த சிறு கை ஒன்று அவன் கையைப் பற்றிக்கொள்கிறது. உள்ளே விடும்படி ஒரு குரல் கெஞ்சுகிறது. அது கனவா நனவா என்பதை ஆசிரியர் முடிவு செய்து தரவில்லை. ஆனால் வீட்டுத் தலைவன் ஹீத்கிளிஃப் அச்செய்தியைக் கேட்டுச் சன்னலைத் திறந்து, உள்ளே வருமாறு அந்த ஆவியை அழைத்து அழுகிறான். வந்தவன் அஞ்சி விரட்டிய அதே ஆவிக்காகத்தான் இவன் காத்திருக்கிறான்.

இக்கதையை நமக்குச் சொல்பவள் நெல்லி டீன் என்னும் பணிப்பெண். இவளே இங்குத் தோழி. கேத்தரின் ஓர் இரவு தன் மனத்தை இவளிடம் திறக்கிறாள். செல்வன் ஒருவனை மணக்க இசைந்துவிட்டதையும், ஹீத்கிளிஃபை மணந்தால் தனக்கு இழிவு என்பதையும் முதலில் சொல்கிறாள். அவனே தன் உயிர் என்பதைப் பின்னர்ச் சொல்கிறாள். இருளில் மறைந்திருந்த ஹீத்கிளிஃப் முதற்பகுதியைக் கேட்டதும் எழுந்து போய்விடுகிறான். பிற்பகுதியை அவன் கேட்கவில்லை. அவன் போவதை நெல்லி பார்க்கிறாள்; பார்த்தும் அந்நேரத்தில் கேத்தரினிடம் சொல்லவில்லை. வேறு பேச்சால் மறைத்துவிடுகிறாள். பின்னர்ச் சொல்லும்போது காலம் கடந்துவிடுகிறது. மூன்று ஆண்டுகள் கழித்து அவன் திரும்பும்போது கேத்தரின் பிறன் மனைவி.

இப்புதினத்தை நான் கல்லூரி நாளில் சுருக்கப் பதிப்பில் படித்திருக்கிறேன். அப்போது ஹீத்கிளிஃபின் வெறியே கண்ணில் பட்டது. இம்முறை நெல்லியின் வாய்மூடலே கண்ணில் பட்டது. அறத்தொடு நிற்க வேண்டிய ஒருத்தி நில்லாமையால் இரண்டு குடும்பங்களும் இரண்டு தலைமுறைகளும் அல்லற்படுகின்றன.

படிப்போர்க்கு ஒரு குறிப்பு. தாய்க்கும் மகளுக்கும் கேத்தரின் என்றே பெயர். குடும்பப் பெயர்களும் குழப்பும். ஒரு தாளில் கால்வழி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜோசப் என்னும் வேலைக்காரனின் வட்டார வழக்குப் பேச்சு கடினமானது. விளங்கவில்லை என்றால் கடந்து செல்லுங்கள்.

ரெபேக்கா

டாஃப்னி டு மோரியர் எழுதி 1938இல் வெளிவந்தது. 1940இல் ஹிட்ச்காக் இதைத் திரைப்படமாக்கினார். அவ்வாண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் விருது அதற்குக் கிடைத்தது. படம் பார்த்தவர்களும் புதினத்தைப் படிக்க வேண்டுகிறேன்.

செல்வச் சீமாட்டி ஒருத்திக்குத் துணையாளாகக் கூலிக்கு வேலை செய்யும் ஏழைப் பெண், மனைவியை இழந்த ஒருவரை மணந்து மாண்டர்லி என்னும் பெருமனைக்கு வருகிறாள். கதையைச் சொல்பவள் அவளே. ஆனால் அவள் பெயர் நமக்கு இறுதிவரை தெரிவதில்லை. இறந்துபோன முதல் மனைவியின் பெயரோ புத்தகத்தின் அட்டையிலேயே இருக்கிறது. உயிரோடிருப்பவளுக்குப் பெயர் இல்லை; இறந்தவளுக்கு உண்டு. கவிஞர்கள் இந்த ஓர் அமைப்புக்காகவே இதைப் படிக்கலாம்.

இதில் ஆவி எங்கும் தோன்றவில்லை. ஆயினும் ஒவ்வோர் அறையிலும் அது இருக்கிறது. ரெபேக்காவின் கையெழுத்து, அவள் தலைவாரும் தூரிகை, அவளது இரவு உடை ஆகியவற்றை மனைப் பொறுப்பாளர் திருமதி டான்வர்ஸ் கோயிற் பொருள்போல் காத்து வருகிறாள். இவளும் ஒரு தோழிதான்; ஆனால் இறந்தவளுக்கு மட்டுமே தோழி. புதியவளிடம் அவள் சொல்லும் சொல் ஒவ்வொன்றும் வேலனின் கழங்குபோல் அணங்கையே காட்டுகிறது.

புதிய மனைவி தன் கணவனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "அவளை நீங்கள் நேசித்தீர்களா?" அதைக் கேட்க அவளுக்குத் துணிவு இல்லை. கணவனும் தானாகச் சொல்வதில்லை. கேளாத கேள்வியும் சொல்லாத விடையும் சேர்ந்தே அவ்வீட்டில் ஆவியாக உலவுகின்றன. விடை வெளிப்படும்போது என்ன நேர்கிறது என்பதை நான் சொல்லிவிட்டால் உங்கள் இன்பத்தைக் கெடுத்தவளாவேன். மூன்றனுள் இதுவே படிக்க எளியது. இதிலிருந்து தொடங்குவது நல்லது.

பிலவ்ட்

மூன்றாவது, அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசன் 1987இல் வெளியிட்ட புதினம். 1988இல் புலிட்சர் பரிசு பெற்றது. 1993இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2019இல் அவர் மறைந்தார்.

இதற்கு அடிப்படை ஓர் உண்மை நிகழ்ச்சி. 1856 ஜனவரியில் மார்கரெட் கார்னர் என்னும் அடிமைப்பெண் கென்டக்கியிலிருந்து, உறைந்து கிடந்த ஒஹையோ ஆற்றைக் கடந்து, குடும்பத்தோடு சின்சினாட்டிக்குத் தப்பினார். பிடிக்க வந்தவர்கள் சூழ்ந்தபோது, மீண்டும் அடிமையாகக் கூடாது என்று தன் மகளைத் தானே கொன்றார். புதினத்தில் அத்தாயின் பெயர் செத்தே. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், 1873இல், கொல்லப்பட்ட குழந்தையின் ஆவி அவள் வீட்டில் உலவுகிறது. பழைய நாளின் துணைவனான பால் டி வந்து அதை விரட்டுகிறான். பின்னர் நீரிலிருந்து எழுந்து ஓர் இளம்பெண் வருகிறாள். அவள் தன் பெயராகச் சொல்வது கல்லறைக் கல்லில் பொறித்த அதே சொல்.

இதைக் காதற் புதினம் எனலாமா என்று கேட்பீர்கள். எனலாம் என்பதே என் கருத்து. அடிமையாக இருந்தவர்கள் எதையும் மிகுதியாக நேசிக்கக் கூடாது, நேசித்ததை எப்போது வேண்டுமானாலும் விற்றுவிடுவார்கள் என்று கற்றவன் பால் டி. முதுகில் கசையடித் தழும்பு மரம்போல் கிளைத்த ஒரு பெண்ணை அவன் நேசிக்கக் கற்றுக்கொள்வதே இப்புதினத்தின் ஒரு பாதி. அவளது செயலை அறிந்து விலகிச் சென்றவன் பின்னர்த் திரும்பி வரும் பகுதியை நான் இரண்டு முறை படித்தேன்.

இதுகாறும் நான் சொல்லி வந்த அளவுகோலை இப்புதினம் திருத்துகிறது. நம் அகப்பாடலில் மகள் மெலிகிறாள், தாய் வேலனை அழைக்கிறாள். இங்கே தாய் மெலிகிறாள். மகள் டென்வர், வீட்டுப் படியிறங்கவே அஞ்சியவள், வெளியே சென்று அயலாரிடம் உண்மையைச் சொல்கிறாள். அறத்தொடு நிற்பவள் மகளே. அதைக் கேட்ட ஊர்ப்பெண்கள் முப்பது பேர் அவ்வீட்டின்முன் திரண்டு வந்து வேண்டுகிறார்கள், பாடுகிறார்கள். அது ஒருவகையில் வெறியாட்டுத்தான். ஆனால் உண்மை அறிந்தபின் நிகழும் வெறியாட்டு. சடங்கு மட்டும் பொய்யாவதில்லை. உண்மையை மறைத்துச் செய்யும் சடங்கே பொய்யாகிறது என்பதை இங்கே கண்டேன்.

இது கடினமான நூல். காலம் முன்னும் பின்னும் மாறும். முதல் ஐம்பது பக்கங்களைப் பொறுமையோடு கடந்துவிட வேண்டும்.

என் கணக்கு

இம்மூன்றையும் இவ்வளவு வற்புறுத்துவதற்கு என் சொந்த வாழ்விலும் ஒரு காரணம் உண்டு. அதையும் சொல்லி முடிக்கிறேன்.

நான் விடுதியில் தங்கி முதுகலை படித்தபோது அறைத்தோழி ஒருத்தி இருந்தாள். வூதரிங் ஹைட்ஸ் சுருக்கப் பதிப்பை எனக்குக் கொடுத்தவள் அவளே. இறுதியாண்டில் அவள் உண்பதை விட்டாள். இரவில் எழுந்து உட்கார்ந்து அழுதாள். அவள் யாரை விரும்பினாள், வீட்டார் எந்தக் காரணத்தால் இசையமாட்டார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அவள் அம்மா விடுதிக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் மகளுக்கு என்னம்மா ஆச்சு, உனக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார். "எனக்கு ஒன்றும் தெரியாது அம்மா" என்றேன். காற்றுச் சேட்டை என்று அவளை ஒரு கோயிலுக்குக் கொண்டு சென்று, தலைமுடியில் ஆணி அடித்து, மூன்று வாரம் அங்கேயே வைத்திருந்தார்கள். அவள் தேர்வு எழுதவில்லை. அதே வாரத்தில் நான் அகப்பொருள் தாளில் அறத்தொடு நிற்றல் பற்றிய வினாவுக்கு நான்கு பக்கம் விடை எழுதினேன். நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன்.

நான் சொல்லியிருந்தால் எல்லாம் நன்றாக முடிந்திருக்கும் என்று சொல்ல வரவில்லை; ஒருவேளை இன்னும் கெட்டிருக்கலாம். ஆனால் அந்த அம்மா என்னிடம் கேட்டார். அணங்கு அன்று என்று சொல்லக்கூடியவள் அங்கே நான் ஒருத்திதான் இருந்தேன். நெல்லி டீனைப் படித்தபோது என்னால் அவள்மீது சினம் கொள்ள இயலவில்லை.

ஆண்டுதோறும் வெறிப்பத்தைப் பாடம் நடத்துகிறேன். மாணவியர் குறிப்பெடுக்கிறார்கள். வகுப்பு முடிந்தபின் சில ஆண்டுகளில் ஒருத்தி மட்டும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பாள். இப்போதெல்லாம் நான் நூலை மூடிவிட்டு அவள் அருகில் போய் உட்காருகிறேன்.

கவிஞர் பெருமக்களே, நம் வட்டத்தின் பதினோராம் ஆண்டில் மாதம் ஒரு கூட்டத்தையேனும் புதினத்துக்கு ஒதுக்குமாறு வேண்டுகிறேன். ரெபேக்காவில் தொடங்கி, வூதரிங் ஹைட்ஸ் வழியாகப் பிலவ்டுக்கு வாருங்கள். ஆவி வரும் பக்கங்களில் அஞ்சுங்கள், அஞ்சுவதும் இன்பந்தான். அஞ்சியபின் தோழி எங்கே என்று தேடுங்கள்.