மீன்பாடி வண்டியும் எலுமிச்சம்பழமும்
(இராயபுரத்தில் தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியதன் சுருக்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மோட்சத்தைப் பற்றியதோ, புராணத்தைப் பற்றியதோ அல்ல. தினந்தோறும் காசிமேட்டிலிருந்து நம் தெரு வழியாக ஓடுகிற மீன்பாடி வண்டியைப் பற்றியதாகும். "ஒரு தட்டு வண்டியைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு கூட்டமா?" என்று சிலர் நினைக்கலாம். ஆகாயத்தில் பறந்த புஷ்பக விமானத்தின் கதையை இராத்திரி முழுவதும் கண் விழித்துக் கேட்கிற நாம், பூமியில் ஓடி நமக்குச் சோறு போடுகிற வண்டியைப் பற்றி அரை மணி நேரம் பேசக்கூடாதா என்று கேட்கிறோம்.

இந்த வண்டி என்ன? மூன்று சக்கரம். முன்னால் இரண்டு சக்கரத்தின் மேல் பாரம் ஏற்றுகிற பலகை. பின்னால் ஒரு சக்கரம். அதன் மேல் ஓட்டுகிறவன். முதலில் இது காலால் மிதித்து ஓட்டிய வண்டி. மீன் கூடையும் ஐஸ் பெட்டியும் ஏற்றி, வெயிலில் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் மிதித்துக்கொண்டு போனால், ஐசும் கரையும். மிதிக்கிறவன் உயிரும் கரையும். ஐஸ் கரைந்தால் மீன் கெடும். மீன் கெட்டால் அன்றைய கூலி போச்சு. ஆகவே நம்மில் ஒருவன் யோசித்தான். ஓட்டை உடைசலாய்ப் போன ஒரு மோட்டார் சைக்கிளின் எஞ்சினை எடுத்தான். பல் சக்கரத்தையும் சங்கிலியையும் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடையில் தேடினான். தெருவோர வெல்டிங் பட்டறையில் ஒட்டவைத்தான். வண்டி ஓடிற்று. ஒருவன் செய்ததைப் பார்த்து ஊரெல்லாம் செய்தது.

இவனுக்கு இதை எந்தக் காலேஜ் கற்றுக்கொடுத்தது? எந்தச் சாஸ்திரி நாள் பார்த்துக் கொடுத்தான்? ஒருவரும் இல்லை. கையும் மூளையும் சேர்ந்து வேலை செய்தன, அவ்வளவுதான். இது இன்று நேற்று வந்த புத்தியுமல்ல. நம் பாட்டன்மார் இலேசான மரக்கட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கயிற்றால் கட்டிக் கடலில் விட்டார்கள். ஆணி இல்லை. அலை உடைக்கிற கரையில் அது மூழ்காமல் மிதந்தது. திரும்பி வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைக் காயப்போட்டார்கள். அந்தக் கட்டுமரத்தின் பெயரைத்தான் வெள்ளைக்காரன் தன் பாஷையில் 'கட்டமரான்' என்று சேர்த்துக்கொண்டான். பெயரை உலகம் எடுத்துக்கொண்டது. கட்டியவனைக் கீழ்ச்சாதி, படிக்காதவன் என்று ஒதுக்கி வைத்ததோ நம் சமுதாயம்! வேலை செய்கிறவனுக்குப் புத்தி இல்லை, புத்தி உள்ளவன் வேலை செய்யக்கூடாது என்று பிரித்துவைத்த தேசத்தில், பழைய இரும்பிலிருந்து ஒருவன் வண்டி செய்தால் அதுவே அந்த ஏற்பாட்டுக்குக் கொடுத்த பதிலாகும் என்பது நமது அபிப்பிராயம்.

நிற்க. புகழ்ந்துவிட்டுப் போக மாத்திரம் நாம் இங்கு வரவில்லை.

சில காலத்துக்கு முன் ஒரு பட்டறையில் ஒரு வாலிபர் புதிதாக எஞ்சின் பூட்டிக்கொண்டிருந்தார். வேலை நேர்த்தியாக இருந்தது. நாம், "தம்பி, எஞ்சின் சரி, பிரேக்கு என்ன போட்டீங்க?" என்று கேட்டோம். அவர், "மிதிக்கிற வண்டியிலே இருந்த அதே பிரேக்குதான் அண்ணே. பூசை போட்டாச்சு, எலுமிச்சம்பழமும் கட்டியாச்சு, ஒண்ணும் ஆகாது" என்றார்.

தோழர்களே! யோசித்துப் பாருங்கள். எஞ்சின் பூட்டும்போது அவர் எலுமிச்சம்பழத்தை நம்பினாரா? பழத்தைக் கட்டினால் வண்டி ஓடும் என்று உட்கார்ந்திருந்தாரா? இல்லை. ஓடவைக்க அறிவை நம்பினார். நிறுத்துவதற்கு மாத்திரம் பழத்தை நம்புகிறார். எலுமிச்சம்பழத்தில் புளிப்பு இருக்கிறது, ஊறுகாய்க்கு உதவும். ஓடுகிற சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற குணம் அதில் எங்கே இருக்கிறது?

கணக்கைக் கேளுங்கள். வேகம் இரண்டு மடங்கானால், நிற்பதற்கு வேண்டிய தூரம் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. வேகம் மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. மிதித்துப் போகும்போது மணிக்கு 10 கிலோ மீட்டர் வேகத்தில் உங்கள் வண்டி பிரேக்குப் பிடித்த 5 அடியில் நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே பிரேக்கு, அதே பாரம். எஞ்சின் பூட்டி 30 கிலோ மீட்டரில் போனால் அது நிற்க 45 அடி வேண்டும். ஐந்தடியில் நிற்கும் என்று நம்பிக் குழந்தை குறுக்கே ஓடுகிறது. மீதி நாற்பது அடியில் என்ன நடக்கும்? அங்கே எந்த அம்மன் வந்து கைகொடுப்பாள்?

கட்டுமரக்காரன் பிழை செய்தால் கடல் அவனைத்தான் விழுங்கும். ஆகவே ஒவ்வொரு கட்டையையும் ஒவ்வொரு முடிச்சையும் பார்த்துப் பார்த்துத் திருத்தினான். ரோட்டில் நாம் பிழை செய்தால் சாகிறவன் வேறொருவன். அதனால்தான் நமக்குப் பொறுப்பு அதிகமே தவிரக் குறைவல்ல. மேலும் இந்த வண்டிக்குப் பதிவு இல்லை. பதிவு இல்லாததற்கு இன்ஷூரன்சும் இல்லை. அடிபட்டவன் குடும்பத்துக்கு நஷ்டஈடு யார் கொடுப்பது? ஓட்டியவனிடம் இருப்பது அந்த வண்டி ஒன்றுதானே! ஆகவே ஒரு விபத்தில் இரண்டு ஏழைக் குடும்பங்கள் அழிகின்றன. வடநாட்டில் தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சினைக் கட்டை வண்டியில் பூட்டி 'ஜுகாட்' என்று ஓட்டினார்கள். அதுவும் மோட்டார் வாகனந்தான், சட்டத்துக்குக் கட்டுப்பட்டதுதான் என்று சுப்ரீம் கோர்ட்டு 2013இல் சொல்லிவிட்டது.

"நீங்களும் போலீசு பக்கம் சேர்ந்துகொண்டு ஏழை வயிற்றில் அடிக்கிறீர்களா?" என்று சிலர் கேட்கலாம். நாம் சர்க்காரையும் விடப்போவதில்லை. வண்டியைப் பிடிப்பதும், அபராதம் போடுவதும், பிறகு சும்மா இருப்பதும் ஒரு ஆட்சியா? பிடித்த வண்டிக்குப் பதில் அவன் எதை ஓட்டுவான் என்று யோசிக்க வேண்டாமா? டில்லியில் பாட்டரி ரிக்ஷாக்களை 2014 ஜூலையில் ஹைகோர்ட்டு தடுத்தது. ஓட்டினவர்கள் பழத்தைக் கட்டிக்கொண்டு வீட்டில் உட்காரவில்லை, கூடிக் கேட்டார்கள். 2015இல் மோட்டார் வாகனச் சட்டமே திருத்தப்பட்டது. வேகம் மணிக்கு 25 கிலோ மீட்டருக்கு மேல் கூடாது என்ற நிபந்தனையோடு பாட்டரி ரிக்ஷாவுக்கும், சாமான் ஏற்றும் பாட்டரி வண்டிக்கும் சட்டத்தில் இடம் கிடைத்தது. சட்டம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. மனிதன் செய்தது, மனிதன் திருத்தலாம்.

ஆகவே நாம் சொல்லுவது இரண்டு காரியம். ஒன்று, சங்கத்தார் கூடி, "எங்கள் வண்டியை அரசாங்கப் பாலிடெக்னிக்கில் கொண்டுவந்து நிறுத்துகிறோம். நீங்கள் சோதியுங்கள். மீன் ஏற்றத் தகுந்த, பதிவு கிடைக்கத்தக்க ஒரு வண்டிக்கு எங்களோடு சேர்ந்து வரைபடம் போடுங்கள். அதை வாங்கக் கடன் கொடுங்கள்" என்று கேட்க வேண்டும். செய்த கைக்குத்தான் எங்கே விரிசல் விடும், எங்கே சாயும் என்பது தெரியும். அந்த அறிவைக் கேட்காமல் செய்கிற திட்டம் காகிதத்தில்தான் ஓடும்.

இரண்டாவது, நமக்குள் செய்துகொள்ள வேண்டியது. பட்டறைக்காரர்களே! நீங்கள் செய்த எதையும் பூசையால் சோதிக்காதீர்கள், அளந்து சோதியுங்கள். ஆள் நடமாட்டமில்லாத மைதானத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். முழுப் பாரமும் ஏற்றுங்கள். கோட்டில் பிரேக்குப் பிடித்து, நின்ற இடம் வரை கயிற்றால் அளந்து எழுதி வையுங்கள். பாரம் முன்னால் இருக்க, பிரேக்கு பின் சக்கரத்தில் மாத்திரம் இருந்தால் போதுமா என்பதை அந்தக் கயிறே சொல்லும். சேலையும் வேட்டியும் சிக்காதபடி சங்கிலிக்கு மூடி போடுங்கள். இரவில் தெரிய விளக்கு வையுங்கள். இவைகளைச் செய்தால் மாத்திரம் சட்டம் ஒப்புக்கொண்டுவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இவைகளைச் செய்யாதவனுக்குச் சட்டத்தைத் திருத்தச் சொல்லிக் கேட்கும் யோக்கியதை ஏது?

ஆயுத பூசையன்று சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்து நசுக்குகிறோம். நடுரோட்டில் பூசணிக்காயை உடைத்துப் போடுகிறோம். திருஷ்டி கழிந்ததோ இல்லையோ, பின்னால் சைக்கிளில் வருகிறவன் அதில் வழுக்கி விழுகிறான். அந்தக் காசைச் சேர்த்து அந்த ஒரு நாளில் ஒரு புதுப் பிரேக்குக் கட்டை வாங்கி மாட்டுங்கள். ஆயுதத்துக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதைக் கும்பிடுவதல்ல, பழுது பார்ப்பதேயாகும்.

முன்னே சொன்ன வாலிபரை மறுபடியும் சந்தித்தோம். பழம் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் முன் சக்கரம் இரண்டிலும் பழைய ஸ்கூட்டர் பிரேக்கு ஏறியிருந்தது. "பழம் எங்கம்மாவுக்கு, பிரேக்கு உங்களுக்கு அண்ணே" என்று சிரித்தார். "எனக்கல்ல தம்பி, ரோட்டில் போகிற பிள்ளைக்கு" என்றோம். பழம் தானாக வாடி விழுந்துவிடும். பிரேக்கு இருந்தால் போதும் என்று சொல்லி இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.