வதந்திக்கு விலங்கு வேண்டாம், அறிக்கையை வெளியிடுங்கள்!

(ஹட்டன் பொதுக்கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



2025 நவம்பர் 30ஆம் நாளை மலையகம் மறக்காது. டித்வா புயல் கரை கடந்து மூன்றாம் நாள் அது. நுவரெலியாவுக்கும் கொத்மலைக்கும் பாதைகள் அறுந்து கிடந்தன; லயங்களின் மேல் மலை சரிந்து கிடந்தது. வானத்தில் எழும் இரைச்சல் ஒன்றையே நம்பி நம் மக்கள் அண்ணாந்து பார்த்திருந்தனர். அன்றுதான் லுணுவிலவில், நிவாரணப் பணியிலிருந்த விமானப்படையின் பெல் 212 உலங்கு வானூர்தி ஜின் ஓயாவில் வீழ்ந்தது. உடனிருந்த நால்வர் உயிரோடு மீட்கப்பட்டனர். விமானி விங் கமாண்டர் நிர்மால் சியம்பலாபிட்டிய உயிர் நீத்தார்.

காக்கச் சென்றவனைக் காக்க முடியவில்லையே என்று நாடு அழுதது. சிங்களர் அழுதனர், தமிழர் அழுதனர், முஸ்லிம்கள் அழுதனர். அழுத கண்கள் காய்வதற்கு முன்னரே கேள்விகள் பிறந்தன. ஊர்தி பழுதா? காலநிலையா? ஏன் இறங்க நேர்ந்தது? அதே ஆண்டு மே 9ஆம் நாள் மாதுறு ஓயாவில் இன்னொரு பெல் 212 வீழ்ந்து படையினர் அறுவர் மாண்டிருந்தனர். ஓராண்டில் ஒரே வகை ஊர்தி இருமுறை வீழ்ந்தால், மக்கள் கேட்க மாட்டார்களா? கேட்காதிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்!

ஆனால் தோழர்களே, கேள்வி கேட்பவன் வேறு; கேட்ட கேள்விக்குத் தானே விடை புனைந்து ஊரெல்லாம் பரப்புகிறவன் வேறு. இரண்டாமவனை நான் ஆதரிக்க வரவில்லை. அவன் எப்படிப் பிறக்கிறான் என்பதைச் சொல்லவே வந்தேன். அரசு பேச வேண்டிய நேரத்தில் பேசாத இடத்தில் அவன் பிறக்கிறான். அந்தப் புயல் நாட்களில் எச்சரிக்கைகள் பல தமிழில் பிந்தி வந்தன, சில வரவேயில்லை என்ற முறைப்பாட்டை நீங்கள் அறிவீர்கள். விளங்காத மொழியில் வந்த அறிவிப்பு, வராத அறிவிப்புக்குச் சமம். அந்த வெற்றிடத்தில் கைத்தொலைபேசி பேசியது, பக்கத்து வீட்டுக்காரர் பேசினார், யாரோ பேசினார்கள்.

இதற்கு ஆளுந்தரப்பிலிருந்து எழுந்த குரல் என்ன? அவசரகாலச் சட்டம் இருக்கிறது, அவதூறு எழுதுவோர்மீது அது பாயும் என்பது! எதிர்ப்பும் எழுந்தது, எழ வேண்டியதுதான். 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வேறு ஏற்கெனவே இருக்கிறது. வாயை அடைக்க இத்தனை பூட்டு. உண்மையைத் திறக்க ஒரு சாவி இல்லையா?

பூட்டினால் என்ன நேரும் என்பதற்குக் கடல் கடந்து ஒரு சான்று காட்டுகிறேன். அது நமக்கு அந்நியமான இடமன்று. நீலகிரி! 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் நம் உறவுகளைக் கப்பலேற்றிய பின்னர், எத்தனையோ குடும்பங்கள் போய்க் குடியமர்ந்து கொழுந்து பறிக்கும் மலை. 2021 டிசம்பர் 8ஆம் நாள், சூலூரிலிருந்து வெலிங்டன் சென்ற எம்.ஐ. 17 உலங்கு வானூர்தி, குன்னூர் அருகே காட்டேரி நஞ்சப்பச்சத்திரத்தில் மேகத்துக்குள் புகுந்து வீழ்ந்தது. இந்தியாவின் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் துணைவியார் உட்படப் பதின்மூவர் அன்றே மாண்டனர். எஞ்சிய குரூப் கப்டன் வருண் சிங்கும் டிசம்பர் 15ஆம் நாள் மறைந்தார்.

முதலில் ஓடியவர்கள் யார்? அந்தச் சிற்றூரின் ஏழைகள். குடத்தில் நீரள்ளி நெருப்பில் ஊற்றினார்கள். உடல்களைச் சுமக்கத் தங்கள் கம்பளிகளைக் கொடுத்தார்கள். குன்னூர்க் குளிரில் ஓர் ஏழை கம்பளியைக் கொடுப்பது என்றால் என்னவென்று நுவரெலியாவில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டுமா? இராணுவம் அவர்களுக்கு நன்றி சொன்னது. ஆனால் ஊகக்காரர்கள் என்ன சொன்னார்கள்? சதி என்றார்கள். அந்நிய நாடு என்றார்கள். ஓய்வுபெற்ற படையதிகாரி ஒருவர் விடுதலைப் புலிகளின் பெயரையும் இழுத்தார். தமிழ் பேசும் மலை, அதில் ஒரு விபத்து, உடனே ஐயம்! கம்பளி கொடுத்த கையையே சந்தேகிக்கும் கண்! வதந்தி ஆகாயத்தில் பிறந்தாலும், வீழ்வது எப்போதும் எளியவன் தலையில்.

அங்கும் கைது நடந்தது. தமிழ்நாடு காஷ்மீராகிறதா என்ற பொருள்பட எழுதிய யூடியூப் பேச்சாளர் ஒருவரை டிசம்பர் 9ஆம் நாள் பிடித்தார்கள். ஐந்தே நாளில், 14ஆம் நாள், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வழக்கையே இரத்துச் செய்தது. அவருடைய அரசியல் எனக்கு ஆகாது. ஆயினும் நீதிமன்றம் செய்தது சரி. கைதினால் ஒரு வதந்தியாவது செத்ததா? இல்லை. சதியில்லை, இயந்திரக் கோளாறில்லை, திடீரென மாறிய வானிலையில் மேகம் சூழ, விமானி திசையுணர்வை இழந்தார் என்று முப்படை விசாரணை 2022 ஜனவரியில் சொன்னபோதுதான் பேச்சு தணிந்தது. அதுவும் முதற்கட்ட முடிவின் சுருக்கமே. விமானப் பணியாளரின் தவறு என்று நாடாளுமன்றக் குழுவின் ஏட்டில் வந்ததோ 2024 டிசம்பரில். மூன்றாண்டு! இந்தத் தாமதத்தை நான் பாராட்ட மாட்டேன்.

நம் மலையிலேயே இதைவிட நல்ல உதாரணம் உண்டு. 1974 டிசம்பர் 4ஆம் நாள் இரவு, ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த டச்சு நிறுவனத்தின் டி.சி. 8 விமானம் நோட்டன்பிரிட்ஜ் அருகே ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேர், யாத்திரிகர் அனைவரும் இந்தோனேசியர். தாம் இருக்கும் இடத்தை விமானிகள் தவறாகக் கணித்துப் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கினர் என்பதே காரணம் என விசாரணை எழுதி வைத்தது. அதனால் இன்று அந்த மலைமீதோ, அடிவாரத்துத் தோட்ட மக்கள்மீதோ பழி போட எவருக்கும் இடமில்லை.

ஆகவே நாம் கேட்பது இதுதான். மாதுறு ஓயா, லுணுவில ஆகிய இரு விபத்துகளின் விசாரணை அறிக்கைகளும் முழுமையாக, சிங்களத்தோடு தமிழிலும், மக்கள் கையில் வர வேண்டும். படை இரகசியம் என்பார்கள். இரகசியமான வரிகளை மறைத்துக்கொள்ளட்டும். காரணத்தை மறைக்க வேண்டாம். இறந்த விமானியின் குடும்பத்துக்கும், நாளை அதே வகை ஊர்தியில் ஏறப்போகும் வீரனுக்கும், மண்சரிவில் அதற்காகக் காத்திருக்கப்போகும் நமக்கும் அது தெரிய வேண்டும்.

இதற்குப் போராட்டம் கூடத் தேவையில்லை. அரசியலமைப்பின் 14அ உறுப்புரை தகவல் பெறும் உரிமையைத் தந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வழி தந்திருக்கிறது. ஏன் கேட்கிறாய் என்று உங்களிடம் காரணம் கேட்க முடியாது. 14 வேலைநாட்களுக்குள் தருவதா மறுப்பதா எனத் தீர்மானிக்க வேண்டும். தேசப் பாதுகாப்பைக் காட்டி மறுத்தாலும், பொதுநலன் அதனினும் பெரிதாயின் கொடுக்கவே வேண்டும் என்கிறது 5ஆம் பிரிவு. மறுத்தால் மேன்முறையீடு, அதன்பின் ஆணைக்குழு. அந்த வழக்குகளை நானும் என் நண்பர்களும் கட்டணமின்றி நடத்துவோம்.

விமானப்படையின் தகவல் அலுவலருக்கு எழுதிய விண்ணப்பம், தமிழிலேயே, மேடைக்கு வலப்புறம் மேசையில் இருக்கிறது. எழுதத் தெரியாத அம்மாமாருக்கு ஆசிரியர்கள் உதவுவார்கள். பேருந்துக்கு நேரமாகிறது என்பவர்கள் முதலில் வாருங்கள்.